கீழ ரத வீதியைத் தோண்டாமல் குடிநீர்க் குழாய்க் கசிவைச் சரிசெய்யக் கோரி மனு

அனுப்புநர்:
கீழ ரத வீதி குடியிருப்போர், வியாபாரிகள்

பெறுநர்:
உயர்திரு மாநகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: பழைய குடிநீர்க் குழாயைத் தெரு முழுக்கத் தோண்டாமல் பழுதுபார்க்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வீதிக்கு அடியில் போவது சணலும் ஈயமும் வைத்து அடைத்த ஜாயின்டுகள் கொண்ட பழைய வார்ப்பிரும்புக் குழாய். ஓரிடத்தில் தண்ணீர் பொங்கினால் தோண்டி, கிளாம்ப் போட்டு மூடுகிறார்கள். கொஞ்ச நாளில் சற்றுத் தள்ளி அடுத்த ஜாயின்ட் ஒழுகுகிறது. இப்போது வீதி முழுவதையும் தோண்டிப் புதுக்குழாய் பதிக்கப் போவதாகக் கேள்விப்படுகிறோம்.

இது தேர் ஓடும் வீதி, ஐயா. தோண்டி மூடிய மண் சரியாக இறுகாவிட்டால் தேர்ச் சக்கரம் அதில் இறங்கிவிடும். வடம் பிடிப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதைத்தான் முதலில் சொல்கிறோம்.

அதற்காகப் பழுதுபார்ப்பதைத் தள்ளிப்போடவும் முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது. வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் போய்விடுவதால், ஒழுகும் ஓட்டை வழியாகவே சாக்கடை நீர் உள்ளே புகுந்துவிடும். தண்ணீர் விட்டதும் முதல் சில குடங்கள் நாற்றமடிக்கின்றன. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

எனவே, முதலில் கசிவு எங்கே என்று துல்லியமாகக் கண்டுபிடிக்கக் கேட்டுக்கொள்கிறோம். போக்குவரத்து அடங்கிய இரவில் தண்ணீரைத் திறந்துவிட்டு, இரண்டு வால்வுகளில் ஒலி உணரிகளை வைத்தால், கசியும் சத்தம் இரண்டையும் வந்தடையும் நேர வித்தியாசத்தைக் கொண்டு இடத்தைக் கணக்கிடலாம். இரும்புக் குழாயில் இந்த முறை நன்றாகவே பலன் தரும்.

அப்புறம், குழாய் திடமாக இருந்து ஜாயின்ட் மட்டும் ஒழுகும் பகுதியில், டயருக்குள் டியூப் போல, பிசின் ஊறிய உறையை உள்ளே செலுத்தி வெந்நீராலோ நீராவியாலோ இறுகவைக்கலாம். லண்டனில் 1971-இல் ஒரு கழிவுநீர்க் குழாயில் தொடங்கிய முறை இது. இன்று குடிநீர்க் குழாய்களுக்கும் வந்துவிட்டது. ஆனால் குடிநீருக்குப் பாதுகாப்பானது என்று சான்று பெற்ற பிசினைத்தான் பயன்படுத்த வேண்டும், இதில் சமரசம் கூடாது. துருவேறி மெலிந்த பகுதியில் பழைய குழாயை உள்ளிருந்தே உடைத்தபடி, அதே வழியில் எச்.டி.பி.இ. எனும் உறுதியான பிளாஸ்டிக் குழாயை இழுத்துவிடலாம். பக்கத்தில் கேபிளோ வடிகாலோ ஒட்டிப் போகிறதா என்று பார்த்துவிட்டே இதைச் செய்ய வேண்டும்.

இரு முனைகளிலும் குழி தேவைப்படும். வீட்டு இணைப்புகளுக்காக வாசலில் சின்னக் குழிகளும் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு நாங்கள் சம்மதிக்கிறோம். வேலை முடியும்வரை லாரித் தண்ணீர் கொடுத்தால் போதும்.

செலவு கூடுதல் என்று சொல்லப்படலாம். தோண்டும் முறைக்கான மதிப்பீட்டில் சாலையைத் திரும்பப் போடும் செலவையும் சேர்த்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறோம். 2021-இல் தொடங்கிய மத்திய அரசின் நகர்ப்புறக் குடிநீர்த் திட்டமான அம்ருத் 2.0-வும், கசிவு போன்றவற்றால் வருவாய் தராமல் போகும் கணக்கில் வராத நீரை 20 சதவீதத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறது. அதில் நிதி கேட்க வழி இருந்தால் பரிசீலிக்கவும்.

டெண்டர் விடுவதற்கு முன் பொறியாளர் ஒருவரை ஆய்வுக்கு அனுப்பி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வால்வுகள் இருக்கும் இடங்களைக் காட்ட எங்கள் வீதிப் பெரியவர்கள் உடன் வருவார்கள்.

இப்படிக்கு,
கீழ ரத வீதி குடியிருப்போர், வியாபாரிகள்