ராம்சார் தளங்கள்: முதல்நிலைத் தேர்வுக்கு

நண்பர்களே, ராம்சார் தளங்கள் என்பவை ராம்சார் ஒப்பந்தப்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்கப்பட்ட ஈரநிலங்கள். இந்தப் பாடப்பகுதியில் தளங்களின் எண்ணிக்கையை விட மான்ட்ரோ பதிவேட்டில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சூழலியல் மாற்றத்துக்கு உள்ளான ராம்சார் தளங்களின் பட்டியல் அது. இந்தியாவில் இப்போது அதில் இருப்பவை கேவலாதேவ் (ராஜஸ்தான், 1990), லோக்டாக் (மணிப்பூர், 1993) மட்டுமே. ஒடிசாவின் சிலிகா ஏரி 1993இல் சேர்ந்து, கடல்முகம் புதிதாக வெட்டப்பட்டு உவர்தன்மை மீண்டதும் 2002இல் நீங்கியது. "மூன்றும் உள்ளன" என்ற கூற்று வந்தால் தவறு.

தமிழ்நாட்டில் முதல் தளம் கோடியக்கரை (2002). 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் சேர்ந்து 20 ஆனது, மாநிலங்களில் முதலிடம். எல்லாம் ஏரி, சதுப்பு என்று நினைக்காதீர்கள்: கோத்தகிரி லாங்வுட் சோலை ஒரு காடு! பழைய பிடிஎஃப்பில் 14, 16 என்றிருந்தால் அடித்துத் திருத்துங்கள்.