பீரங்கி கதவைத் திறக்கவில்லை

அன்புள்ள வாயாடிக்கு,

சுங்கை சிப்புட்டிலிருந்து கணக்குப்புலி எழுதுகிறேன். நீ அனுப்பிய ஏழு குரல் பதிவுக்கும் பதில் போடவில்லை என்று நீ ஜொகூரில் திட்டுவது இங்கே வரைக்கும் கேட்கிறது. திட்டு, எனக்குப் பழக்கம்தான். பேத்தி பிறந்ததற்கு வாழ்த்து. பெயரையாவது வாயில் நுழைகிற மாதிரி வையுங்கள். உன் முட்டிவலிக்கு என்னிடம் மருந்து கேட்காதே, நான் அந்த டாக்டர் இல்லை.

அந்த டாக்டர் இல்லை என்று இந்த ஊருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஓய்வு பெற்று வந்து எட்டு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் படிக்கட்டில் எனக்கு ஒரு கிளினிக்கே நடக்கிறது. போன வாரம் ஒரு பாட்டி முந்தானையில் முடிந்திருந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டி, “இது காலையிலயா ராத்திரியிலயா?” என்றார். “பாட்டி, நான் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்ல, யாருக்கு என்ன நோய் எத்தனை பேருக்கு இருக்குன்னு எண்ணுற வேலை” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எண்ணி?” என்று கேட்டார். முப்பத்திரண்டு வருடத்தில் எந்த ஆய்வுக் குழுவும் என்னை இப்படி மடக்கியதில்லை.

அது இருக்கட்டும். எழுத உட்கார்ந்தது வேறு சங்கதிக்கு. நம்மோடு படித்த பீரங்கிக்குக் கால் எடுத்துவிட்டார்கள், இடது கால், முட்டிக்குக் கீழே. செம்பனை முள் ஏறியிருக்கிறது, தெரியவே இல்லையாம். காலில் உணர்ச்சி போய் எத்தனை நாளாயிற்றோ! சிலிப்பரோடு சதையும் ஒட்டிக்கொண்டு வந்தபோதுதான் மருமகள் பார்த்திருக்கிறாள். இனிப்புநீர், அதுதான் நீரிழிவு. உனக்கு இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன், தெரிந்திருந்தால் எட்டாவது பதிவு வந்திருக்கும்.

பார்க்கப் போனேன். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது, பக்கத்து வரிசை வீடுகளுக்கும் கேட்கும். பேச்சு வாக்கில், “உன் ஆளுங்க அப்பவே வந்தாங்களே, நீல சட்டை போட்டுக்கிட்டு, மூணு தடவை” என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் மாணவர்கள் இந்தத் தாமான் குடியிருப்பில் நோய்க் கணக்கெடுக்க வீடு வீடாகப் போனார்கள். இவன் லாரியைப் பின்னால் ஒளித்து நிறுத்திவிட்டு, விளக்கை அணைத்து, ஜன்னல் கண்ணாடி இடுக்கு வழியாக அவர்கள் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றானாம். பிள்ளைகள் படிவத்தில் ‘ஆள் இல்லை’ என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“ஏண்டா திறக்கல?” என்றேன்.

“திறந்தா விரல்ல குத்துவீங்க. குத்துனா இருக்கும்பீங்க. எங்கப்பனுக்கு இருந்துச்சு, எனக்கும் இருக்கும்னு தெரியாதா? எழுதிட்டா லாரி லைசென்சு போச்சு. மூணு புள்ளைங்க படிச்சிக்கிட்டு இருந்துச்சுங்க.”

வாயாடி, இந்த இடத்தில் நீ கொட்டாவி விடுவாய் என்று தெரியும், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். பத்து வீட்டில் ஏழு கதவு திறந்தால் அந்த ஏழு பேரும் பத்துப் பேருக்காகப் பேச வேண்டும். அதனால் ஒவ்வொருவரையும் ஏறக்குறைய 1.43 ஆளாகக் கணக்கில் எடுப்போம். திறக்காத மூன்று பேரும் திறந்தவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்ற தைரியத்தில் செய்வது அது. ஆனால் பீரங்கியோ நோய் இருந்ததால்தான் கதவைத் திறக்கவில்லை. பீரங்கிக்குப் பதிலாக நான் அவன் பக்கத்து வீட்டுக்காரரை எண்ணியிருக்கிறேன், வாரம் மூன்று நாள் பூப்பந்து ஆடுகிற மனுசன் அவர். விடுபட்டவர்கள் இப்படி இருந்தால் கணக்கு ஏமாற்றிவிடும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவளும் நான்தான். என் பாலர் பள்ளித் தோழனே அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்திருப்பான் என்று தோன்றவில்லை.

2019 மலேசிய தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் இந்தியர்களில் மட்டும் 31.4. மொத்தத்தில் நோய் உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, தங்களுக்கு நோய் இருப்பது அன்று சோதித்த பிறகுதான் தெரியும். அது கதவைத் திறந்தவர்களின் கதை. அந்த 31.4ஐ எத்தனை மேடையில் படம் போட்டுக் காட்டியிருப்பேன்! இப்போது அதைப் பார்த்தால் விளக்கணைத்த வீடுதான் கண்ணில் நிற்கிறது.

பீரங்கி என்னைச் சமாதானப்படுத்த, “சரி, நீ ஏன் இந்த வேலைக்குப் போன?” என்று கேட்டான். அரிசிக் கதையைச் சொன்னேன். உனக்கும் சொல்லியிருப்பேன், நீ கேட்டிருக்க மாட்டாய்.

1905 கடைசியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பெரிபெரி நோய் வந்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஃபிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளைத் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு நிறுத்துவதுபோல வரிசைப்படுத்தி எண்ணினார். ஒற்றைப்படை ஒரு கட்டடம், இரட்டைப்படை எதிர்க் கட்டடம். ஒரு பக்கம் சயாம் பச்சரிசி, மறுபக்கம் நம் தோட்டத்து ஆட்கள் தின்ற புழுங்கல் அரிசி. பச்சரிசி தின்ற பக்கத்தில் 18 பேர் செத்தார்கள், புழுங்கல் பக்கத்தில் பெரிபெரியில் ஒருவர்கூடச் சாகவில்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அது குறைந்தால்தான் பெரிபெரி. அந்தச் சத்துக்குப் பெயர்கூட அப்போது கிடையாது, எண்ணிக்கை மட்டும் இருந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் இதைப் படித்த அன்று எனக்குப் பசியே எடுக்கவில்லை. அம்மா பொங்கிப் போட்ட சோறு ஆராய்ச்சிக் கட்டுரையில் வந்திருக்கிறதே என்று ஒரு பெருமை.

அந்த நோயாளிகளை யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது ரொம்பப் பிறகுதான் உறைத்தது. சாத்திக்கொள்ள அவர்களுக்குக் கதவு இல்லை. பீரங்கிக்கு இருந்தது, அவன் சாத்திக்கொண்டான். அவனைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்த வரிசையில நின்னிருந்தா நான் ஒத்தையா ரெட்டையா?” என்றான். நான் பதில் சொல்லும் முன் போர்வையை விலக்கிக் காட்டி, “கேக்கவே வேணாம், ஒத்தைதான்” என்று அவனே சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். பாவி, மருமகள் அடுப்படியிலிருந்து எங்கள் இருவரையும் திட்டினாள்.

தைப்பூசத்துக்கு வருகிறேன் என்றாயே, ஒரு நாள் முன்னாலேயே வா. நாற்காலி வண்டியைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். ஆறாம் வகுப்பில் நீ வாங்கிய ஒரு வெள்ளிக் கடனை அவன் இன்னும் மறக்கவில்லை, வட்டியோடு எடுத்து வா. முறுக்கு கொண்டு வராதே. கொண்டு வந்தால் நான் தின்கிறேன்.

உன்,
கணக்குப்புலி