கீழ்வீட்டுப் பாட்டிக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். மருத்துவமனையிலிருந்து, ஜெர்மனியில் டூபிங்கனில் இருக்கும் என் அறைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். தையல் இன்னும் பிடித்து இழுக்கிறது, மாடி ஏற நேரமாகிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன். என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அந்த ராத்திரி உங்களில் பாதிப் பேர் என்னோடு போனில் இருந்தீர்கள், அதனால் அதை மறுபடி எழுதவில்லை. தனித்தனியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த ஒரு மடல். நியூ ஜெர்சியில் வார இறுதிப் பள்ளியில் படித்த தமிழ் இது, பிழை கண்ணில் பட்டால் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

முதலில் பணக்கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்பா இன்னும் நம்பவில்லை. அமெரிக்காவில் வளர்ந்தவர்களுக்கு வலி வந்தால் கூடவே பில்லும் ஞாபகத்துக்கு வரும். அன்று மாடிப்படியில் சுருண்டு உட்கார்ந்துகொண்டு, அவசர உதவி எண் 112-ஐ அழைக்கப் போன கீழ்வீட்டுப் பாட்டியிடம் "ஆம்புலன்ஸ் வேண்டாம், டாக்ஸி போதும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். நியூ ஜெர்சியில் என் தோழிகள் யாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். பாட்டிக்கு அது புரியவே இல்லை. போனில் அவர் "பெண் குழப்பமாகப் பேசுகிறாள், சீக்கிரம் வாருங்கள்" என்று சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. கடைசியில் நான் கையிலிருந்து கட்ட வேண்டியது ஆம்புலன்சுக்கு 10 யூரோ, மருத்துவமனையில் ஒரு நாளைக்கு 10 யூரோ, அவ்வளவுதான். அதுவும் ஆண்டுக்கு 28 நாளோடு நின்றுவிடுமாம். அப்பா போனில் "ஒரு சைபர் விட்டுப்போயிருக்கும், இன்னொரு தரம் பார்" என்றார். பார்த்துவிட்டேன் அப்பா, இல்லை. காப்பீட்டுக்கென்று மாதாமாதம் 100 யூரோவுக்கு மேல் பிடிக்கும்போது முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், இனி வாயைத் திறக்க மாட்டேன்.

சரி, பாட்டி. நேரில் அவரைப் பாட்டி என்றெல்லாம் கூப்பிட முடியாது, இங்கே குடும்பப் பெயரோடு மரியாதையாகத்தான் அழைக்க வேண்டும். அந்தப் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை, தன் பெயர் ஊருக்கெல்லாம் போவது அவருக்குப் பிடிக்காது. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். நான் வந்த நாளிலிருந்து என்னிடம் அவர் பேசியது பெரும்பாலும் காகிதத்தில்தான். கண்ணாடி பாட்டிலை ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் போடாதே, சத்தம் வரும் என்று ஒரு சீட்டு. சைக்கிளைச் சுவரில் சாய்க்காதே என்று ஒரு சீட்டு. படியில் எதிரே வந்தால் காலை வணக்கம் ஒன்று, அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. எங்கள் ஊரில் கடையில் பில் போடும் பெண்கூட எப்படி இருக்கிறாய் என்று கேட்பாள், முன்பின் தெரியாதவர்கள் நாய்க்குட்டியைக் காட்டிப் பேச்சுக் கொடுப்பார்கள். இங்கே கடையில் சாமான்களைத் தள்ளும் வேகத்தில் பையில் போட்டுக்கொள்ளவே எனக்கு இரண்டு கை போதாது, இதில் எங்கே நலம் விசாரிப்பது!

இந்தப் பக்கத்தில் கேர்வோஹே என்று ஒரு வழக்கம் உண்டு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு வீடாக முறை வைத்து மாடிப்படி, நடைவழி, வாசல் எல்லாம் பெருக்கித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும், வாரம் முடிந்ததும் அதை எடுத்து அடுத்த கதவில் மாட்டிவிட வேண்டும். எங்கள் கட்டடத்தில் குளிர்காலத்தில் வாசல் நடைபாதையில் விழுந்த பனியைத் தள்ளுவதும் அதில் சேர்த்தி. அதுவும் காலை ஏழு மணிக்குள், ஜனங்கள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால். 1492-லேயே ஸ்டுட்கார்ட் நகரச் சட்டத்தில் அவரவர் குப்பையை வாரந்தோறும் வெளியேற்ற வேண்டும் என்று எழுதி வைத்தார்களாம், இந்த வழக்கத்துக்கு அதுதான் வேர் என்று இங்கே சொல்வார்கள். அப்போது இந்தப் பகுதியை ஆண்டுகொண்டிருந்தது தாடிக்கார எபர்ஹார்ட் என்ற பிரபு. 1477-இல் எங்கள் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவரும் அவர்தான். கொலம்பஸ் கப்பலேறிய வருஷத்தில் இவர்கள் குப்பைக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள், அமெரிக்கக்காரி நான் எங்கே போய் வாதாடுவது?

நான் மருத்துவமனையில் படுத்திருந்தபோது என் முறை வந்தது. எனக்கு அது நினைவிலேயே இல்லை. திரும்பி வந்து கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறும்போதுதான் பார்த்தேன், படியெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, பலகை எனக்கு மேல்மாடிப் பையனின் கதவில் தொங்குகிறது. அப்படியானால் என் வாரம் முடிந்துபோயிருக்கிறது. நீதானே செய்தாய் என்று அவனிடம் கேட்டேன். அவன் தலையாட்டிவிட்டுத் தரையைக் காட்டினான், கீழ்வீடு. முதல் மாடியிலிருந்து நிலவறை வரைக்கும் படி துடைத்திருக்கிறார். அந்த வாரம் பார்த்துப் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கிறது. இருட்டோடு எழுந்து, மண்வாரி எடுத்து, என் பங்கையும் அவரே தள்ளியிருக்கிறார். மேல்மாடிப் பையன் உதவிக்கு இறங்கியபோது "உன் வாரம் அடுத்தது" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

மருத்துவமனைக்கு அவர் வரவில்லை. பூங்கொத்து இல்லை, வாழ்த்து அட்டை இல்லை, ஒரு செய்திகூட இல்லை. செய்ததை என்னிடம் சொல்லவும் இல்லை. மேல்மாடிப் பையனிடம் கேட்டிருக்காவிட்டால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

மறுநாள் ஒரு சாக்லேட் பெட்டியோடு கீழே இறங்கிப்போய் மணி அடித்தேன். வாசலிலேயே நின்றார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாவற்றையும் கொட்டி நன்றி சொன்னேன், கண் வேறு கலங்கிவிட்டது. அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு, வீட்டில் ஆள் இல்லாத கதவில் பலகை தொங்கி என்ன பிரயோஜனம், யாராவது செய்துதானே ஆக வேண்டும் என்றார். கனமானது எதையும் தூக்காதே, தண்ணீர் பாட்டில் வேண்டுமென்றால் பட்டியல் எழுதிக் கதவிடுக்கில் வை என்றார். அப்புறம் கதவைச் சாத்தப் போனவர் நின்று, "தயிர்க் கப்பின் அலுமினிய மூடியைக் கிழித்துத் தனியாகப் போட வேண்டும், நீ ஒட்டியபடியே போடுகிறாய்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே வந்து சிரித்தேன். தையலோடு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

படுக்கையில் வேலை இல்லாமல் கிடப்பதால் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் உதவி சத்தமாக வரும். யாராவது ஒருத்தி பட்டியல் போட்டு, யார் எந்த நாள் சாப்பாடு கொண்டுவருவது என்று பிரித்துக் கொடுத்து, வாசலில் பலூன் கட்டி அமர்க்களப்படுத்திவிடுவாள், அதுவும் நல்ல மனசுதான், நான் குறை சொல்லவில்லை. நம் வீடுகளிலோ கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா போனில் முதலில் கேட்டதே "கூட யாரும்மா படுத்துக்கிறாங்க?" என்றுதான், இங்கே ராத்திரி யாரையும் கூடத் தங்க விடுவதில்லை என்றதும் அழுதுவிட்டார். பாட்டி இந்த இரண்டு கணக்கிலும் வரவில்லை. அவருக்கு என்னைப் பிடிக்குமா பிடிக்காதா என்பதே எனக்கு இன்றுவரை தெரியாது. அது தேவையும் இல்லை போலிருக்கிறது. நான் அந்தக் கட்டடத்து ஆள், அவ்வளவுதான். அமெரிக்காவில் என் கல்லூரி விடுதியில் என்னை யாரும் ஒரு படியைக்கூடத் துடைக்கச் சொன்னதில்லை, எல்லாம் கட்டணத்தில் அடக்கம், பக்கத்து அறையில் யார் இருந்தார்கள் என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. இங்கே வந்த மாதமே என் கதவில் பலகை மாட்டினார்கள், அப்போது எரிச்சலாக இருந்தது. சீட்டு ஒட்டியதும் பனி தள்ளியதும் அவருக்கு ஒரே வேலைதான், வீட்டில் ஒருத்தி என்று சேர்த்துக்கொண்டால் அதட்டவும் செய்வார்கள், அவள் விழுந்தால் அவள் வேலையையும் எடுத்துக்கொள்வார்கள்.

மற்றவர்களை இப்படி மொத்தமாகச் சேர்ப்பது அநியாயம், ஆனாலும் மன்னித்துக்கொள்ளுங்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலேறி ரசமும் குழைந்த சாதமும் கொண்டுவந்த தம்பிகளுக்கு, இடியப்பமும் சொதியும் கொடுத்துவிட்ட யாழ்ப்பாணத்து அக்காவுக்கு (அன்று சாயங்காலம் மருத்துவமனைச் சாப்பாடு கறுப்பு ரொட்டி, இரண்டு துண்டு சீஸ், ஒரு ஊறுகாய் வெள்ளரி, அதை வைத்துப் பாருங்கள்), வகுப்புக் குறிப்புகளை அனுப்பிய தோழிகளுக்கு, தேர்வைத் தள்ளிவைத்த பேராசிரியருக்கு, இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் காலை தன் ஜாம் பொட்டலத்தை என் தட்டில் வைத்த பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கு, கொட்டும் குளிரிலும் ஜன்னலை அகலத் திறந்து வைத்து, நான் நடுங்கியதும் இன்னொரு கம்பளி போர்த்திவிட்ட நர்சுக்கு, அம்மாவோடு விடிய விடியப் பேசிக்கொண்டிருந்த நியூ ஜெர்சி எடிசன் ஊர் அத்தைகளுக்கு, எல்லோருக்கும் நன்றி.

ஜூலையில் ஊர் திரும்புகிறேன். அடுத்த குளிர்காலத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டு வாசலிலாவது பனி அப்படியே கிடந்தால், கேட்காமல் தள்ளிவிடப்போகிறேன், அவர்கள் போலீசைக் கூப்பிட்டாலும் சரி. அதற்கு முன்னால் இங்கே என் முறை மறுபடி வரும். பாட்டியின் வாரத்தையும் சேர்த்து நானே செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம், உன் முறையை மட்டும் ஒழுங்காகச் செய், மூலையை விடாதே என்றார்.

கடைசியாக ஒன்று. என்னிடம் உங்கள் டப்பாக்கள் நிறைய இருக்கின்றன, எது யாருடையது என்று தெரியவில்லை. பச்சை மூடி போட்ட பெரியது, எவர்சில்வர் தூக்கு ஒன்று, மூடி இல்லாத ஒன்று. காலி டப்பாவாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார், எனக்கு இன்னும் அடுப்படியில் நிற்க முடியவில்லை, அதனால் இந்த மாதக் கடைசி வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அவசரமாக யாருக்காவது வேண்டுமென்றால் சர்க்கரை போட்டுத் தருகிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் படியில் சத்தமில்லாமல் ஏறி வாருங்கள்.