படுத்துக் கிடந்த வீடியோக்களும் தலையில்லாத தாய்மாமனும்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
கே.புதூர், மதுரை.

பெறுநர்:
மேலாளர்,
வீடியோ திருத்தும் பிரிவு,
மதுரைக் கிளை.

பொருள்: வீட்டு வீடியோக்களைத் திருப்பித் தந்ததில் நடந்த குளறுபடி, அசல் பதிவுகளை அழிக்காமல் ஒப்படைக்கக் கோருதல்.

ஐயா,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் ஹார்டு டிஸ்கிலிருந்து உங்கள் கணினிக்கு நகலெடுத்த வீடியோக்களைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். திருத்திய கோப்புகளை அதே பெயரில் என் டிஸ்கில் இருந்த அசலின் மேலேயே பதிந்து கொடுத்திருக்கிறீர்கள். படம் பிடித்த போன்கள் இப்போது எங்களிடம் இல்லை. அசல் என்று ஒன்று மிச்சம் இருந்தால் அது உங்கள் கடைக் கணினியில்தான். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் காலி செய்துவிடுவோம் என்று உங்கள் ஊழியர் வாய்விட்டுச் சொன்னார். அதனால்தான் மற்ற குறைகளுக்கு முன்னால் இதை எழுதுகிறேன்.

நான் கேட்டது சின்ன வேலை. டிவியில் போட்டால் சில வீடியோக்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கின்றன, சில தலைகீழாக நிற்கின்றன, அவற்றை மட்டும் நேராக்கித் தாருங்கள் என்றேன். ரசீதிலும் 'ரொட்டேஷன் மட்டும்' என்றே எழுதியிருக்கிறது. நிமிடத்துக்கு இவ்வளவு என்று நீங்கள் சொன்ன கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

கிடைத்தது வேறு. அழகர்கோவிலில் பதினெட்டாம்படி கருப்பணசாமிக்கு வேண்டிக்கொண்டு என் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ அது. மேலே தாய்மாமன் முகம், கீழே அவர் மடியில் குழந்தை. அதை நிமிர்த்தினீர்கள், சரி. நிமிர்ந்த படம் டிவியில் நடுவில் ஒல்லியாகத் தெரியும், இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும். அது எங்களுக்குத் தெரியும், அதில் குறையே இல்லை. நீங்களோ யாரும் கேட்காமலேயே திரையை நிரப்புவதற்காகப் படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டிவிட்டீர்கள். கணக்கு போட்டுப் பாருங்கள்: 1080 புள்ளி (பிக்சல்) அகலம், 1920 புள்ளி உயரம் உள்ள படத்தை டிவி அளவுக்கு வெட்டினால் உயரத்தில் 608 புள்ளிதான் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஒரு பங்கில் என்ன இருக்கிறது தெரியுமா? தாய்மாமனின் சட்டைப் பையும், குழந்தையின் மொட்டைத் தலையில் ஒரு கீற்றுச் சந்தனமும். காதும் இல்லை, குத்துகிற ஆசாரியின் கையும் இல்லை. சீர் செய்த மனிதருக்கு முகமே இல்லாத இந்தக் காதுகுத்து வீடியோவை அவருக்கு எப்படிப் போட்டுக் காட்டுவது?

சித்திரைத் திருவிழா வீடியோவுக்கும் இதே கதிதான். அழகர் ஆற்றில் இறங்குவதைக் கூட்டத்துக்குள் இருந்து எடுப்பவர்கள் போனை நிமிர்த்தித்தான் பிடிப்பார்கள். மேலே குடை, நடுவில் தங்கக் குதிரையில் சாமி, கீழே தண்ணீர் பீய்ச்சியடிக்கும் பக்தர்கள். எல்லாம் ஒரே படத்தில் வர வேறு வழியில்லை. உங்கள் பதிப்பில் குதிரையின் கழுத்து மட்டும் ஆடி ஆடிப் போகிறது.

தலைகீழாக இருந்தவற்றில் இன்னொரு கூத்து. தலைகீழ்ப் படத்தை 180 டிகிரி சுற்ற வேண்டும். உங்கள் ஆள் அதற்குப் பதிலாக மேல் கீழாகக் கவிழ்த்திருக்கிறார். பார்ப்பதற்கு நேராகிவிட்டது போலத்தான் தெரியும், ஆனால் இடமும் வலமும் மாறிப்போகும். விசேஷச் சாப்பாட்டு வீடியோவைப் போட்டதும் பிளெக்ஸ் பேனரில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருந்தது. சேலை கட்டிய பெண்கள் அத்தனை பேருக்கும் முந்தானை வலது தோளில். சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டிய இலை நுனி வலப்பக்கம் கிடக்கிறது. பந்தி முழுக்க இடது கையால் சாப்பிடுகிறார்கள், அதில் என் அப்பாவும் ஒருவர். என் அத்தை அதைப் பார்த்துவிட்டு டிவியை அணைக்கச் சொல்லிவிட்டார். கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஊழியர் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தாலே பேனர் எழுத்து காட்டிக்கொடுத்திருக்கும்.

நேரில் வந்து கேட்டபோது, "போன்ல எடுத்தா அப்படித்தான் சார் வரும்" என்றார்கள். அப்படி இல்லை. போன் கேமராவின் சென்சார் படுக்கைவாட்டில் பொருத்தப்பட்டது. நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் பெரும்பாலான போன்கள் படத்தைப் படுத்தவாறே பதிந்து, 'காட்டும்போது 90 டிகிரி திருப்பு' என்று கோப்புக்குள் ஒரு குறிப்பையும் எழுதிவைக்கும். பழைய டிவிகளும் பிளேயர்களும் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை, அதனால்தான் படம் படுத்துக் கிடக்கிறது. இலையையோ கோலத்தையோ மேலிருந்து எடுக்கத் தரையைப் பார்த்துப் போனைப் பிடித்தால், எந்தப் பக்கம் மேல் என்று போனுக்கே குழப்பம் வந்து குறிப்பு தப்பாக விழும். குறிப்பு தப்பு என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச மென்பொருளே அதைச் செய்துவிடும், படத்தில் ஒரு புள்ளிகூடக் கெடாது. பழைய டிவிக்காகப் படத்தையே திருப்பிப் பதிய வேண்டியிருந்தாலும் தரத்தைக் குறைக்காமல் பதியலாம், வெட்டுவதற்கு அவசியமே இல்லை. நீங்கள் எல்லாவற்றையும் மறுபடி பதிந்து, சுருக்கி, மூலையில் உங்கள் கடை லோகோவையும் ஒட்டியிருக்கிறீர்கள். நிமிடத்துக்கு நூறு எம்பிக்கு மேல் இருந்தவை இருபதுக்கு இறங்கிவிட்டன. கூட்டக் காட்சிகளில் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. எடுத்த தேதியும் அழிந்து, பல வருட வீடியோக்கள் ஒரே நாளில் எடுத்தவை போல வரிசை கலைந்து கிடக்கின்றன.

இவ்வளவு தெரிந்தவர் எங்களிடம் ஏன் வந்தீர்கள் என்று உங்கள் ஊழியர் கேட்டார். இதெல்லாம் உங்களிடம் ஏமாந்த பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது. அதோடு, எடுத்துக்கொண்டிருக்கும்போதே போனைத் திருப்பிய வீடியோக்களும் உண்டு. பதிவு தொடங்கும்போது எந்த நிலையோ அதுவே கடைசி வரை நிற்கும் என்பதால், அவற்றைத் திரும்பிய இடத்தில் பிரித்துத் தனித்தனியாக நேராக்கித்தான் சேர்க்க வேண்டும். பழகிய கை வேண்டும் என்று அதற்காகத்தான் பணம் கொடுத்தேன். அவற்றை நீங்கள் தொடவே இல்லை.

எனவே, வாங்கிய தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். அசல் கோப்புகள் அனைத்தையும் நான் கொடுத்தபடியே ஒப்படைக்க வேண்டும். திருத்தும் வேலையை இனி உங்களிடம் தருவதாக இல்லை. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ரசீது நகலையும், பேனர் எழுத்து திரும்பித் தெரியும் படத்தையும் இணைத்துள்ளேன்.

அசல் கோப்புகளை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிவிடாதீர்கள், அது இன்னும் சுருக்கிவிடும். பென்டிரைவில் போட்டு வையுங்கள், நானே கடைக்கு வந்து உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்