படிவம் மாறிய பிறகு அல்ல, அறிவிப்பு வெளியாகும் நாளிலேயே செய்தி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில், கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குப் பெயர்களைக் கேட்கும் கேள்வி 2019 மே 31 அன்று சேர்க்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் அது எங்கும் பேச்சானது. ஆனால் வெளியுறவுத் துறை இந்த மாற்றத்தை 2018 மார்ச் 30 அன்றே அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளியிட்டு, 60 நாட்களுக்குள் கருத்துச் சொல்லும்படி பொதுமக்களைக் கேட்டிருந்தது. அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே பதினான்கு மாதங்கள் இருந்தன. பேச வேண்டிய காலம் அதுதான்.

தங்கள் இதழில் குடிவரவுச் செய்திகள் தவறாமல் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை 'இன்று முதல் அமல்' என்ற இடத்தில்தான் தொடங்குகின்றன. அதற்கு முன்பே அரசு பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் இரண்டு வகை அறிவிப்புகள் உண்டு. ஒன்று, தகவல் சேகரிப்பு அறிவிப்பு. மற்றது, அரசு தொடுத்த வழக்கில் செய்துகொள்ளும் சமரசம் பற்றிய அறிவிப்பு. இரண்டையும் எப்படிப் படிப்பது, எங்கே எழுதுவது, எங்கே பிசகுகிறது என்பதை வாசகர்களுக்காக எழுதுகிறோம்.

முதலில் தகவல் சேகரிப்பு. 1980-இல் இயற்றப்பட்டு 1995-இல் திருத்தி எழுதப்பட்ட காகிதப்பணிக் குறைப்புச் சட்டத்தின்படி, ஒரு கூட்டாட்சித் துறை பத்து பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ ஒரே கேள்விகளை வைப்பதானால், வெள்ளை மாளிகையின் மேலாண்மை மற்றும் நிதிநிலை அலுவலகத்திடம் (ஓ.எம்.பி.) அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிக்கு அடையாளம்தான் படிவத்தின் மேல் வலது மூலையில் இருக்கும் ஓ.எம்.பி. எண். பச்சை அட்டைக்கான ஐ-485 படிவத்துக்கு 1615-0023, குடியுரிமைக்கான என்-400 படிவத்துக்கு 1615-0052, வேலை அனுமதிக்கான ஐ-765 படிவத்துக்கு 1615-0040, டிஎஸ்-160 படிவத்துக்கு 1405-0182. அனுமதி ஒரு முறைக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் செல்லாது.

இந்த மூன்று ஆண்டு வரம்புதான் பலர் கவனிக்காத வாய்ப்பு. படிவத்தில் ஒரு எழுத்துகூட மாறாவிட்டாலும், புதுப்பிக்கும்போது கருத்துக் கேட்கும் 60 நாள், 30 நாள் அறிவிப்புகள் இரண்டும் வந்தாக வேண்டும். அப்போது படிவத்தின் எல்லாக் கேள்விகளும் கருத்துக்குத் திறந்தே இருக்கின்றன. 'மாற்றமின்றி நீட்டிப்பு' என்று தலைப்பிட்ட அறிவிப்பை யாரும் படிப்பதில்லை. ஒரு கருத்துகூட வராமல் முடிந்துபோன புதுப்பித்தல்கள் நிறைய. அங்கே எழுதும் ஒரு நல்ல கடிதம், பரபரப்பான மாற்றத்துக்கு வரும் ஆயிரம் கடிதங்களில் ஒன்றைவிடக் கவனமாகப் படிக்கப்படும் என்பது எங்கள் கணிப்பு.

கருத்துக் கேட்பு இரண்டு கட்டமாக நடக்கும். முதல் அறிவிப்பில் 60 நாள் அவகாசம். கருத்து அந்தத் துறைக்கே போகும், பெரும்பாலும் ரெகுலேஷன்ஸ் டாட் கவ் தளத்தில் டாக்கெட் எண் (அறிவிப்பின் கோப்பு எண்) வழியாக. பிறகு துறை தன் கோப்பை மேலாண்மை அலுவலகத்துக்கு அனுப்பி இரண்டாவது அறிவிப்பை வெளியிடும். அதில் 30 நாள். இந்தக் கட்டத்தில் முடிவெடுப்பவர்கள் அந்த அலுவலகத்தில் தகவல், ஒழுங்குமுறை விவகாரங்களைப் பார்க்கும் ஓய்ரா பிரிவினர். வெளியுறவுத் துறை உட்படப் பல துறைகளின் அறிவிப்புகளுக்கு அப்போது ரெக்இன்ஃபோ டாட் கவ் தளத்தில், '30 நாள் பரிசீலனையில் உள்ளவை' என்ற பட்டியலில் படிவத்தைத் தேடி எழுத வேண்டும். சில துறைகள் வேறு வழியைக் குறிப்பிடக்கூடும் என்பதால், அறிவிப்பில் 'முகவரி' என்ற பகுதியைப் படித்துவிட்டு அனுப்புவதே சரி.

இங்கேதான் முதல் பிசகு. 60 நாள் கட்டத்தில் எழுதியவர்கள் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அவர்களுடைய கடிதம் ஓய்ராவுக்குப் போகும்போது துறையின் சுருக்கமாகவே போகிறது. ஆகவே இரண்டாவது கட்டத்தில், கோப்பில் துறை தன் கேள்விகளுக்கு நியாயம் சொல்லும் ஆதரவு அறிக்கையைத் திறந்து எட்டாவது பத்தியைப் பார்க்க வேண்டும். வந்த கருத்துகளும் துறையின் பதில்களும் அங்கே இருக்கும். உங்கள் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அதைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதுங்கள். அதே அறிக்கையில் இரண்டாவது பத்தி தகவல் எதற்குப் பயன்படும் என்பதையும், பதினோராவது பத்தி அந்தரங்கமான கேள்விகளுக்கான காரணத்தையும், பன்னிரண்டாவதும் பதின்மூன்றாவதும் மணிக்கணக்கையும் செலவையும் சொல்கின்றன. பலர் அறிவிப்பை மட்டும் படிக்கிறார்கள். சாரமெல்லாம் ஆதரவு அறிக்கையில்தான் இருக்கிறது.

அறிவிப்பு கேட்பது நான்கே கேள்விகள். இந்தத் தகவல் துறையின் வேலைக்கு உண்மையில் தேவையா, அதனால் நடைமுறைப் பயன் உண்டா? துறை சொல்லும் நேரச் சுமைக் கணக்கு சரியா? கேள்விகளை இன்னும் தெளிவாக்குவது எப்படி? மின்னணு வழி முதலியவற்றால் சுமையைக் குறைப்பது எப்படி? 'இந்த மாற்றத்தை எதிர்க்கிறோம்' என்று மட்டும் எழுதினால் இந்த நான்கில் எதற்கும் அது விடையாகாது. எண்ணிக்கையில் சேரும், பதிலுரையில் ஒரு வரியோடு போகும்.

நேரக் கணக்கை எடுத்துக்கொள்வோம். சுமை என்பது பேனாவைப் பிடித்து நிரப்பும் நேரம் மட்டுமல்ல. குறிப்புகளைப் படிப்பது, பழைய ஆவணங்களைத் தேடுவது, சேகரிப்பது, சரிபார்ப்பது, அனுப்புவது எல்லாம் விதிப்படி அதில் சேர வேண்டும். தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழுக்கு முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் தேவை. பிள்ளைக்குப் பெயர் வைக்குமுன்பே பதிந்துவிட்டதால் பெயர் இல்லாமலே இருக்கும் பழைய பிறப்புப் பதிவுகள் நம்மவர்களிடம் ஏராளம். பதிவே கிடைக்காதவர்கள் 'பதிவு இல்லை' என்ற சான்று, மாற்று ஆவணங்கள், அவையும் இல்லாவிட்டால் பிறப்பை நேரடியாக அறிந்த இருவரின் பிரமாணப் பத்திரம் என்று அலைய வேண்டும். 'நேரம் அதிகம்' என்று எழுதாமல் எந்த ஆவணம், எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு என்று பிரித்து எழுதுங்கள். ஒரு படிவத்துக்கு ஒரு மணி நேரம் குறைத்துக் கணக்கிட்டிருந்தாலே, ஆண்டுக்கு 5 லட்சம் பேர் நிரப்பும் படிவத்தில் 5 லட்சம் மணி நேரம் ஏட்டில் ஏறாமல் போகிறது.

தெளிவு பற்றிய மூன்றாவது கேள்விக்குத் தமிழர்களைவிடப் பொருத்தமாக விடை சொல்லக்கூடியவர்கள் குறைவு. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, தலைப்பெழுத்துத்தான். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர் டிஎஸ்-160 படிவத்தில் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, இயற்பெயர்க் கட்டத்தில் எஃப்.என்.யு. என்று போட வேண்டும். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பிறகு அந்த மூன்றெழுத்தே பெயராகி ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, பள்ளிப் பதிவு வரை தொடர்கிறது. தந்தை பெயரைக் குடும்பப் பெயராக விரித்து எழுதினாலோ, ஒரே வீட்டில் கணவன், மனைவி, பிள்ளை மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள். 'ஒற்றைப் பெயர் மட்டுமே' என்று ஒரு தெரிவுக் கட்டம் சேர்க்கலாம், பெயர்ப் பகுதிக்கான குறிப்பில் தலைப்பெழுத்தை விரிப்பது பற்றி இரண்டு வரி சேர்க்கலாம் என்று எந்தப் பக்கம், எந்தக் கேள்வி எண், என்ன வாசகம் என்பதோடு எழுதினால், அதிகாரி அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய திருத்தமாக அது அமையும்.

எல்லா மாற்றமும் தனித்தனிப் படிவ அறிவிப்பாக வருவதில்லை. 2025 மார்ச் 5 அன்று குடியுரிமை மற்றும் குடிவரவுச் சேவைத் துறை, என்-400, ஐ-485, பயண ஆவணத்துக்கான ஐ-131 உள்ளிட்ட ஒன்பது படிவங்களில் சமூக ஊடகக் கணக்குப் பெயர்களைச் சேர்ப்பதற்கு ஒரே பொது அனுமதி கேட்டு 60 நாள் அறிவிப்பு வெளியிட்டது. ஐ-485 என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தவர் இதைத் தவறவிட்டிருக்கலாம். ஆகவே ஃபெடரல் ரெஜிஸ்டர் தளத்தில் துறையின் பெயர், 'தகவல் சேகரிப்பு' என்பதற்கான ஆங்கிலச் சொற்கள், படிவ எண் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாகத் தேடல் அமைத்து மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிந்துகொள்வது நல்லது. கட்டணம் இல்லை.

இரண்டு தவறான எண்ணங்களையும் இங்கே தீர்த்துவிடுகிறோம். படிவத்தின் மேலே உள்ள காலாவதித் தேதி கடந்துவிட்டது என்பதால் படிவம் செல்லாது என்று பொருளில்லை. புதுப்பித்தல் பரிசீலனையில் இருக்கும்போது பழைய அனுமதி நீட்டிக்கப்படும். விண்ணப்பதாரர் பார்க்க வேண்டியது பக்கத்தின் அடியில் இருக்கும் பதிப்புத் தேதியை. அடுத்து, செல்லுபடியாகும் ஓ.எம்.பி. எண் இல்லாத படிவத்தை நிரப்பாததற்காகத் தண்டிக்க முடியாது என்ற பாதுகாப்பு சட்டத்தில் உண்டு. அதை நம்பி வருமான வரி கட்டாமலிருக்க முயன்றவர்களின் வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. சட்டமே நேரடியாக விதிக்கும் கடமைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அனுப்பும்போது கடிதத்தின் உள்ளேயே ஓ.எம்.பி. எண், துறையின் பெயர், டாக்கெட் எண் மூன்றையும் எழுதுங்கள். ரெகுலேஷன்ஸ் தளத்தின் கட்டத்தில் 5,000 எழுத்துகள்தான் கொள்ளும். நீண்டால் கோப்பாக இணைக்கலாம். கடைசி நாள் என்பது கிழக்குக் கடற்கரை நேரப்படி இரவு 11.59. கலிஃபோர்னியாவில் அப்போது இரவு 9 மணிதான் ஆகியிருக்கும், ஆனால் வாசல் மூடிவிடும். கருத்துகள் யாவரும் பார்க்கும்படி வெளியாகும் என்பதால் பாஸ்போர்ட் எண், குடிவரவுத் துறை தரும் ஏ-எண், பிறந்த தேதி, பிள்ளைகளின் பெயர் எதையும் எழுதாதீர்கள். சங்கங்கள் ஒரே வாசகத்தை நூறு பேரிடம் கொடுத்து அனுப்பச் சொல்வது உழைப்பு வீண். ஒரே வாசகத்துக்கு ஒரே பதில்தான் கிடைக்கும்.

சமரச அறிவிப்புகளின் போக்கு வேறு. சுற்றுச்சூழல் வழக்கில் அரசும் நிறுவனமும் உடன்பட்டால், அரசுக்காக வழக்காடும் நீதித் துறை அந்த ஒப்பந்தத்தைச் சம்மதத் தீர்ப்பாணையாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிட்டுக் குறைந்தது 30 நாள் கருத்துக் கேட்கும். நச்சுக் கழிவு இடங்களுக்கான சூப்பர்ஃபண்ட் சட்டத்திலும் 30 நாள்தான். அந்த இடங்கள் மிக அதிகமாக உள்ள மாநிலம் நியூ ஜெர்ஸி, நம்மவர்கள் நெருக்கமாக வாழும் மாநிலம். மெக்ஸிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவுக்கான பி.பி. நிறுவனத்தின் 2015 ஒப்பந்தத்துக்கு 60 நாள் தரப்பட்டது. நீதிமன்றம் 2016 ஏப்ரலில் ஏற்றது. ஏகபோகத்தைத் தடுக்கும் நிறுவனப் போட்டி வழக்குகளுக்கு 1974-ஆம் ஆண்டின் டன்னி சட்டப்படி 60 நாள்.

இங்கே எழுதுபவர் ஒன்றை மனதில் கொள்ள வேண்டும்: நீதிபதி ஒப்பந்தத்தை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம், அதன் வாசகங்களைத் திருத்தி எழுத மாட்டார். வழக்கு மனுவில் இல்லாத குற்றத்தையும் இழுக்க முடியாது. 1995 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் போட்டி வழக்கு ஒப்பந்தத்தை நீதிபதி ஸ்போர்க்கின் மறுத்தபோது, மனுவைத் தாண்டிச் சென்றார் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டு ஜூனில் அந்த முடிவை ரத்து செய்தது. அதே நிறுவனத்தின் அடுத்த ஒப்பந்தத்துக்கு 30,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. 2002 நவம்பரில் பெரும்பகுதி அப்படியே ஏற்கப்பட்டது. எண்ணிக்கையால் மட்டும் ஒப்பந்தம் புரளாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆகவே கேள்வி பக்க எண்ணோடு இருக்க வேண்டும். கெடு தவறினால் நாளொன்றுக்கு எவ்வளவு அபராதம்? தூய்மைப்பணியின் அளவீடுகளைப் பொதுமக்கள் எங்கே பார்ப்பது? 'இனி வழக்குத் தொடர மாட்டோம்' என்று அரசு தரும் உறுதி எந்தக் குற்றங்களுக்கு, எந்த நாள் வரை? இந்த மூன்றாவது கேள்வியை யாரும் தொடுவதில்லை; நிறுவனம் அபராதம் செலுத்திப் பெறுவதே அந்த உறுதியைத்தான். உள்ளூர் நிலத்தடி நீர்ப் பரிசோதனை போன்ற புதிய உண்மை உங்களிடம் இருந்தால் இணையுங்கள். ஒப்பந்தம் பொருத்தமற்றது, போதாதது என்று காட்டும் உண்மைகள் கருத்தில் வந்தால் தன் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையை அரசு வைத்திருக்கிறது. அறிவிப்பில் அபாயக் கழிவுச் சட்டத்தின் 7003-ஆம் பிரிவு குறிப்பிடப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்ட ஊரிலேயே பொதுக்கூட்டம் கேட்கலாம். நீதித் துறைக்கு எழுதும் கடிதத்தில் வழக்கின் பெயரும், அறிவிப்பில் உள்ள, நீதித் துறையின் டி.ஜே. குறிப்பு எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். கருத்து எழுதியதால் மட்டும் வழக்கில் தரப்பினர் ஆகிவிட முடியாது. மேல்முறையீடு வரை போக எண்ணுபவர் தன்னையும் தரப்பினராகச் சேர்க்கக் கோரும் இடையீட்டு மனுவை வழக்கறிஞர் மூலம் போட வேண்டும், அதையும் 30 நாளுக்குள்ளேயே யோசிக்க வேண்டும்.

தங்களிடம் நாங்கள் கேட்பது வாரம் ஒரு சிறு கட்டம். படிவ எண் அல்லது வழக்கின் பெயர், ஓ.எம்.பி. அல்லது டி.ஜே. எண், 60 நாள் கட்டமா 30 நாள் கட்டமா, கடைசித் தேதி, கருத்து அனுப்ப வேண்டிய இடம், என்ன மாறுகிறது என்று தமிழில் இரண்டு வரி. இவ்வளவு போதும். ஃபெடரல் ரெஜிஸ்டர் வேலை நாள்தோறும் வெளியாகிறது. வெள்ளிக்கிழமை அந்த வார அறிவிப்புகளைத் தொகுத்தால் ஞாயிறு இதழில் சேர்த்துவிடலாம். 30 நாள் அறிவிப்புகளை மட்டும் முதலில் போடுங்கள், அவற்றில் வாசகருக்கு மிஞ்சும் நாட்கள் குறைவு.

இப்படிக்கு,
கூட்டாட்சி அறிவிப்புகளைத் தொடர்ந்து படித்துவரும் வாசகர்கள்