அங்கோர் கட்டுரையில் விட்டுப்போனவை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கம்போடியாவின் அங்கோர் வாட் கோவில் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் அதைப் படித்துவிட்டு நிஜமாகவே கிளம்புகிறவருக்கு உபயோகமாக ஒரு வரிகூட இல்லை. (தமிழ் மன்னன் கட்டியது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதையைச் சேர்க்காமல் விட்டதற்கு நன்றி. 12ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் கெமர் அரசன், அதாவது அந்த நாட்டுக்காரன்.)

செங்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். தென்காசி, கடையநல்லூரிலிருந்தும் மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும் விசா படிவம் போட வருகிறார்கள். பெரும்பாலும் ரிட்டயர் ஆன வாத்தியார்கள், அவர்கள் வீட்டம்மாக்கள், முதல் தடவையாக வெளிநாடு போகிறவர்கள். "எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்" என்று டூர் ஏஜென்ட் சொல்லியிருப்பார். அவர் பார்ப்பது டிக்கெட்டும் ஓட்டலும்தான்.

பெயரிலேயே சிக்கல் ஆரம்பிக்கிறது. ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, டிக்கெட்டில் ஏஜென்ட் போட்ட பெயர் இன்னொரு மாதிரி. விசாவும் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று கிளம்பும் முன் உட்கார்ந்து பாருங்கள், பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுமா என்பதையும் சேர்த்து. விசாவைக் கம்போடிய அரசாங்க இணையதளத்திலேயே எடுக்கலாம், முகவரி 'டாட் ஜிஓவி டாட் கேஹெச்' என்று முடிந்தால்தான் அது அசல். விமானத்தில் போகிறவர்கள் இ-அரைவல் என்ற வருகைப் படிவத்தையும் போவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். அந்த இலவசப் படிவத்துக்கே ஒரு தனியார் தளத்தில் பணம் கட்டிவிட்டு என்னிடம் ரசீதைக் காட்டிய தம்பதி உண்டு.

நம் பக்கத்து ஆட்கள் திருவனந்தபுரத்தில் ஏறி கோலாலம்பூரில் மாறித்தான் பெரும்பாலும் போகிறார்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் பெட்டியை எடுக்க மலேசியாவுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டிவரும், அதற்கு அவர்களுடைய டிஜிட்டல் வருகை அட்டையும் போட்டிருக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் போகலாம் என்று பழைய யூடியூப் வீடியோவை நம்பிக் கிளம்பாதீர்கள், 2025இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் சண்டை வந்து அந்த எல்லையை மூடினார்கள், இப்போது நிலைமை என்ன என்று கேட்டுக்கொண்டு போங்கள். அப்புறம், சுற்றுலா விசாவில் போனால் அங்கே கம்ப்யூட்டர் வேலை வாங்கித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் நம் பையன்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம். அப்படிப் போய் இணைய மோசடிக் கும்பல்களிடம் மாட்டியவர்களை நம் தூதரகம் மீட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அதனால் நம் விமான நிலையத்திலேயே கேள்வி கேட்கக்கூடும், திரும்பி வருகிற டிக்கெட்டையும் ஓட்டல் பதிவையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

பணம். அங்கே அவர்கள் நாணயமான ரியலும் ஓடுகிறது, அமெரிக்க டாலரும் ஓடுகிறது. ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியல், ஒரு டாலருக்குக் கீழே உள்ள சில்லறையை ரியலில்தான் தருவார்கள். டாலர் நோட்டில் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் கடைக்காரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு திருப்பித் தந்துவிடுவார். நம் ஊரில் கிழிந்த பத்து ரூபாயைக் கண்டக்டர் தலையில் கட்டுகிற மாதிரியெல்லாம் அங்கே நடக்காது. மாற்றும்போதே புதுத்தாளாக, ஒன்றும் ஐந்துமாகக் கேட்டு வாங்குங்கள்.

கோவில் டிக்கெட் ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாளைத் தொடர்ச்சியாகப் பார்க்க வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம், ஆனால் டூர்காரர்கள் ஒரே நாளில் ஓட்டிவிடுகிறார்கள். பத்மநாபசுவாமி கோவிலில் சட்டையைக் கழற்றி வேட்டி கட்ட முணுமுணுக்காத நம் ஆட்கள் அங்கே அரை டவுசரோடு போய் நிற்கிறார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், முக்கியமாக மேல்தளத்துக்கு ஏற. துண்டைப் போர்த்திச் சமாளிக்கலாம் என்று நம்ப வேண்டாம். படி செங்குத்து, சேலையைவிடச் சுடிதார் நல்லது. புத்த விரத நாட்களில் மேல்தளத்தை அடைத்துவிடுவார்கள், தேதி பார்த்துப் போங்கள்.

இதையெல்லாம்விட எனக்கு ஆதங்கமான விஷயம் ஒன்று உண்டு. கீழே சுற்றுச் சுவர் முழுக்கக் கதை இருக்கிறது. மேற்குப் பக்கம் குருக்ஷேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மர், இன்னொரு பகுதியில் இலங்கைப் போர், கிழக்கே பாற்கடல் கடைவது மட்டுமே கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம். வழிகாட்டி இல்லாமலே நம் ஊர்ப் பாட்டி வாசுகியின் தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். அந்தச் சுவரைப் பத்து நிமிடத்தில் கடந்துவிட்டு, சூரிய உதயத்துக்காகக் குளத்தங்கரையில் இரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். போவதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் பாரதமும் ராமாயணமும் புரட்டிவிட்டுப் போனாலே போதும். அப்படியே 967இல் குடமுழுக்கு ஆன பன்தாய் ஸ்ரீ கோவிலையும் கேட்டு வாங்குங்கள், அது தூரம் என்று ஏஜென்ட் தட்டிக்கழிப்பார். அங்கே சிவன் ஆடுகிற சிற்பத்தில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். நம் காரைக்கால் அம்மையார்தான் அது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கவனிக்க: காய்கறி என்று கேட்டு வாங்கினாலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் பெரிய பெட்டியில் போகட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். நமக்குச் சித்திரைப் பிறப்பும் மலைக்கு அந்தப் பக்கத்தாருக்கு விஷுவும் வருகிற அதே நாட்களில் கம்போடியாவிலும் புத்தாண்டு. வெயிலும் உச்சம், பாதிக் கடை அடைத்திருக்கும்.

அடுத்த இணைப்பு இலங்கை என்று போட்டிருக்கிறீர்கள். நல்லூர் கந்தசாமி கோவிலுக்குள் ஆண்கள் சட்டையில்லாமல்தான் போக வேண்டும், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது. இந்த இரண்டையாவது ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள்.

ஒரு வாசகர், செங்கோட்டை