குட்டியானை வாங்கப் போகும் நண்பனுக்கு

ஒட்டன்சத்திரம்

அன்புள்ள ராசு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

இங்கே முருங்கை வரத்து ஏறிவிட்டது. மார்க்கெட்டில் ராத்திரி, பகல் தெரியவில்லை. கேரளாவுக்குப் போகிற லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மகள் திண்டுக்கல்லில் நர்சிங் இரண்டாம் வருடம். விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறாள், ஆனால் படிப்பு பிடித்திருக்கிறது. அது போதும்.

கஜா புயலில் உன் தென்னந்தோப்பு படுத்துக் கிடந்ததை 2018 நவம்பரில் வந்து பார்த்தவன் நான். அந்த வருடம் நட்ட தென்னம்பிள்ளைகள் இப்போது காய்க்கின்றன, சொந்தத்தில் ஒரு வண்டி இருந்தால் காயை நாமே மண்டிக்குக் கொண்டுபோகலாம் என்று தம்பி சொல்கிறான் என்று நீ எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தோப்பை விட்டுவிடாமல் நின்றீர்களே, அதற்காகவே அவனுக்கு நல்ல வண்டி அமைய வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புரோக்கர் காட்டிய குட்டியானையை, அதாவது டாடா ஏஸ் வண்டியைப் பற்றி நீ எழுதியது இவ்வளவுதான்: சிங்கிள் ஓனர், 45,000 கிலோமீட்டர், புது பெயின்ட், எஃப்.சி. (தகுதிச் சான்று) கரண்ட், இன்சூரன்ஸ் கரண்ட். இதில் எதுவுமே வண்டியைப் பற்றிச் சொல்லவில்லை, ராசு. முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வண்டி இத்தனை வருடமாக என்ன ஏற்றியது? யார் ஓட்டினார்கள்?

சரக்கு வண்டியைத் தேய்ப்பது தூரத்தை விட எடைதான். டாடா ஏஸுக்குக் கம்பெனி சொல்கிற சுமை முக்கால் டன் அளவு. ஒரு செங்கல் மூன்று கிலோ பக்கம் வரும். 500 கல்லை அடுக்கினாலே ஒன்றரை டன். செங்கல் சூளையில் ஓடிய வண்டி தினமும் அப்படித்தான் ஓடியிருக்கும். மீட்டரில் 45,000 என்றாலும் அதன் சேஸிஸ் என்கிற அடிச்சட்டமும், ஸ்பிரிங் பட்டையும், பின் அச்சிலிருக்கும் கிரவுன் பல்சக்கரமும் லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை விட மோசமாக இருக்கும். மீன் ஏற்றிய வண்டியில் ஐஸ் தண்ணீரும் உப்பும் சேர்ந்து தரைத் தகட்டை அடியிலிருந்து தின்றிருக்கும். உங்கள் பக்கம் கடற்கரை பக்கத்திலேயே இருப்பதால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தண்ணீர் கேன் போட்ட வண்டி தெருத்தெருவாக நின்று நின்று போயிருக்கும், கிளட்சும் பிரேக்கும் ஓய்ந்திருக்கும். இவையெல்லாம் செலவு செய்தால் சரியாகிற விஷயம். வளைந்த சேஸிஸ் சரியாகாது.

நான் வாங்கிய வண்டி 2018 மாடல். பழனியில் ஒரு பேக்கரிக்காரர் வைத்திருந்தது. மீட்டரில் 90,000 தாண்டியிருந்தது. பலபேர் வேண்டாம் என்றார்கள். ஆனால் அது வாழ்நாள் முழுக்க ஏற்றியது பன்னும் ரொட்டியும். பாடி நிறைந்தாலும் எடை இருக்காது. அவரே ஓட்டியிருக்கிறார். ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டைப் பார்த்ததும் என் மனசு பாதி முடிவு செய்துவிட்டது. 3,20,000 சொன்னார், பேசி 2,85,000-க்கு முடித்தோம். இன்று வரை பெரிய வேலை எதுவும் வைக்கவில்லை.

அப்புறம், தம்பிக்கு எந்த வண்டி என்பதையும் சரக்கை வைத்தே முடிவு செய். உரித்த தேங்காய் ஒன்று அரைக் கிலோவுக்கு மேல் நிற்கும். ஆயிரம் காய் என்றால் ஐந்நூறு, அறுநூறு கிலோ. ஒரு நடைக்கு ஆயிரம் காய்தான் என்றால் குட்டியானையே தாராளம். இரண்டாயிரம் ஏற்றப் போகிறான், இல்லை மட்டையோடு ஏற்றப் போகிறான் என்றால் அதை வாங்காதே. அதற்கு அசோக் லேலண்ட் தோஸ்த் மாதிரி ஒன்றேகால் டன் வண்டிதான் சரி. ஓசூரில் 2011-லிருந்து செய்கிறார்கள், பழைய வண்டிகள் நிறைய கிடைக்கும். மகிந்திரா பொலிரோ பிக்கப் இன்னும் பலமானது. ஆனால் தோப்புக்குள் குறுகலான வரப்புப் பாதையில் திருப்புவதற்கு ஏஸ் மாதிரி வராது. சிறிய வண்டியை வாங்கி இரண்டு மடங்கு ஏற்றுவது, வாங்கிய நாளிலிருந்தே அதைக் கொல்லுவது.

பழைய டீசல் ஏஸ் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 2005-ல் அது வந்தபோது போட்ட 702 சிசி எஞ்சின், இண்டிகா காரின் 1405 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பாதியாக்கிச் செய்தது. இரண்டே சிலிண்டர், பதினாறு குதிரைசக்தி. மேட்டில் மூச்சு வாங்கும், சத்தம் போடும். ஆனால் எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார், சாமான் எல்லா ஊரிலும் கிடைக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வந்த டீசல் வண்டிகளில் சென்சார்கள் கூடிவிட்டன, பல கோளாறுகளுக்கு ஸ்கேனர் மாட்டித்தான் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். புகை குறைவு, அது நல்லதுதான். பக்கத்தில் நல்ல சர்வீஸ் இருந்தால் பி.எஸ்.6 எடு. இல்லையென்றால் 2017-லிருந்து 2020-க்குள் வந்த பி.எஸ்.4 வண்டி உங்கள் ஊருக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம்.

பார்க்கப் போகும்போது விடிகாலையில் போ. முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. போனதும் சீட்டைத் தூக்கி எஞ்சினில் கை வைத்துப் பார். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாததை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் ஆனதும் சைலன்ஸர் பக்கம் நில். கருப்புப் புகை கொஞ்சம் வந்து நின்றால் பயமில்லை, ஏர் ஃபில்டரோ நாசிலோ பார்க்க வேண்டியிருக்கும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படு. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல். அங்கிருந்து புகை குபுகுபு என்று அடித்தால் அதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். எஞ்சின் இறக்கிச் செய்கிற வேலை அது. வேறு எதையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடலாம்.

அடுத்து அடியில் குனிந்து பார்க்க வேண்டும். இதை மெக்கானிக்கிடம் விடாமல் நீயே ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு படுத்துப் பார். சேஸிஸில் வெல்டிங் வைத்த தடம், புதிதாக அடித்த கருப்புப் பெயின்ட், நீட்டிப்போட்ட பட்டி எதுவும் இருக்கக் கூடாது. பின்பக்கப் பட்டைகளில் கூடுதலாக ஒன்று சொருகியிருந்தால் ஓவர்லோடு அடித்த வண்டி என்று அதுவே சொல்லிவிடும். பிறகு தம்பியை நேர் ரோட்டில் ஓட்டச் சொல்லிவிட்டு நீ பின்னால் நின்று பார். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் போக வேண்டும். நண்டு மாதிரி ஒரு பக்கமாகப் போனால் அடிபட்ட வண்டி.

டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், அதையும் பார். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-ம் வாரம் செய்தது. மீட்டர் 30,000 காட்டுகிற வண்டியில் நாலு டயரும் புதிது என்றால் மீட்டரை நம்ப வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளையும் மனதில் வை. 2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டி கழுவித் துடைத்து வேறு ஊருக்கு விற்பனைக்கு வரலாம். தரை விரிப்பைத் தூக்கிப் பார், சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார், ஒயர் கனெக்டர்களைக் கழற்றிப் பார். காய்ந்த வண்டல் எங்கேயாவது ஒட்டியிருக்கும்.

பைனான்ஸ் யார்டில் சீசிங் வண்டி, அதாவது தவணை கட்டாததால் கம்பெனி பிடித்து வைத்த வண்டி, மலிவாகக் கிடைக்கும் என்று புரோக்கர் சொன்னதாக எழுதியிருந்தாய். விலை குறைவுதான். ஆனால் மாதக்கணக்கில் வெயிலில் நின்றிருக்கும், ஓட்டியவர் யார் என்று கேட்க ஆளிருக்காது. தவணை கட்ட முடியாமல் போனவர் கடைசி ஒரு வருடம் ஆயில் மாற்றியிருப்பாரா என்றும் யோசித்துப் பார். அந்த மனிதரைக் குறை சொல்லவில்லை, அவர் கஷ்டம் அவருக்கு. என் சித்தப்பா மகன் அப்படி ஒன்று எடுத்தான். கடன் முடிந்ததற்கான கடிதம் கைக்கு வராமல், பெயர் மாற்ற முடியாமல், அவன் அலைந்த அலைச்சல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே பேப்பர் விஷயத்தில் அவசரமே வேண்டாம். வண்டி நம்பரை அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பார்த்தால் எஃப்.சி., இன்சூரன்ஸ், கடன் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும், அபராத சலான் நிலுவையும் தெரியும். சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஆர்.சி.யோடு (பதிவுச் சான்று) எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். கடன் இருந்த வண்டி என்றால் பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்குவதற்குக் கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் உன் முன்னால் கையெழுத்துப் போடட்டும். வெறும் டெலிவரி நோட்டை வாங்கிக்கொண்டு ஓட்டுகிற பழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. விபத்து நடந்தால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதை விற்பவரிடம் சொல், பெயர் மாற்றத்துக்கு அவரே அவசரப்படுவார். இன்சூரன்ஸையும் கையோடு தம்பி பெயருக்கு மாற்ற வேண்டும், 14 நாள்தான் கெடு.

தம்பியிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது, போதுமா என்று கேட்டிருந்தாய். போதும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்குப் பெர்மிட்டும் தேவையில்லை. ஆர்.சி.யில் அந்த எடை இருக்கும், பார்த்துக்கொள். எஃப்.சி. மட்டும் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம். பதினைந்து வருடத்தை நெருங்கிய வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதே. எஃப்.சி. கட்டணமே பல மடங்கு ஆகிவிடும்.

கையில் இருக்கிற பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிட வேண்டாம். வாங்கியதும் எல்லா ஆயிலும், ஃபில்டர்களும், பெல்ட்டும், பிரேக் லைனிங்கும் மாற்றிவிடச் சொல். முந்தையவர் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்று. அதற்கும் ஒரு செட் டயருக்கும் தனியாகப் பணம் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குள் விலை பேசு.

இன்னொன்று, தம்பியைப் பற்றி. அவன் அவசரப்படுகிறான் என்று எழுதியிருந்தாய். இருபத்து மூன்று வயதில் சொந்தமாக ஒன்றைத் தொடங்க நினைக்கிற பையனின் அவசரம் அது, அதட்டாதே. வண்டி பார்க்க அவனையே முன்னால் விடு. பேரத்தையும் அவனே பேசட்டும், நீ கூட நின்றால் போதும்.

பங்குனி உத்திரத்துக்குப் பழனி போகிற கூட்டம் ஓய்ந்ததும் எனக்கு நாலு நாள் இடைவெளி கிடைக்கும். என் மெக்கானிக்கும் வருகிறேன் என்கிறார், அவருக்கு ஏஸ் எஞ்சினின் சத்தமே போதும். அதற்குள் அந்த வண்டி நம்பரையும், அடிப்பக்கத்தின் நாலு போட்டோவையும் அனுப்பச் சொல்லித் தம்பியிடம் சொல். என்ன சரக்கு ஓட்டியது என்று விற்பவரிடம் நேராகக் கேட்டுவிட்டு, அவர் சொன்ன பதிலையும் எழுது. நான் வரும் வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். வரும்போது அவருக்குப் பிடித்த விருப்பாச்சி வாழைப்பழம் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
செல்வம்